நூற்றில் எத்தனை பேர்? டயட்டீஷியனுக்குத் தேவையான ஆராய்ச்சிக் கணக்கு

உணவு மாற்றமும் உடற்பயிற்சியும் சேர்ந்து சர்க்கரை நோய் வரும் வாய்ப்பை 58% குறைத்தன என்கிறது ஓர் ஆய்வு. 28.5% குறைந்தது என்கிறது இன்னொன்று. எந்த ஊர்க்காரர்களுக்கு அதிகப் பலன் கிடைத்தது? 58 என்றுதான் யாரும் சட்டென்று சொல்வார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலாவது, அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்த டயாபடீஸ் பிரிவென்ஷன் புரோகிராம். 2002-இல் வெளியானது. இரண்டாவது, சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்திய இந்திய ஆய்வு. 2006-இல் வெளியானது. இரண்டிலும் சேர்க்கப்பட்டவர்கள் சர்க்கரை நோய்க்கு முந்தைய படியில் நின்றவர்கள். மூன்று ஆண்டு முடிவில் அமெரிக்காவில் ஒப்பீட்டுக் குழுவில் 28.9% பேருக்கும் வாழ்க்கைமுறைக் குழுவில் 14.4% பேருக்கும் சர்க்கரை நோய் வந்திருந்தது. கழித்தால் 14.5. நூறை 14.5-ஆல் வகுத்தால் 6.9. அதாவது ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க ஏறக்குறைய 7 பேருக்கு அந்தப் பயிற்சியைக் கொடுக்க வேண்டும். சென்னையில் அதே எண்கள் 55.0%, 39.3%. கழித்தால் 15.7. நூறை அதனால் வகுத்தால் 6.4.

இந்த 6.9-ஐயும் 6.4-ஐயும்தான் என்என்டி என்கிறார்கள். பலன் பெற எத்தனை பேருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்ற எண் அது. சென்னையில் சதவீதக் குறைவு பாதிதான், பலன் மட்டும் எப்படிச் சமமானது? சென்னைக்காரர்களின் ஆரம்ப ஆபத்தே அவ்வளவு அதிகம். எதுவும் செய்யாமல் விட்டால் மூன்றே ஆண்டில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகள். அவ்வளவு பெரிய குவியலிலிருந்து கால்பங்குக்குச் சற்று மேல் எடுத்தாலும், சின்னக் குவியலில் பாதியை எடுத்ததற்கு ஈடாகிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும், வர வேண்டும். 14.5-ஐ 28.9-ஆல் வகுத்தால் 50% தானே வருகிறது, 58 எங்கிருந்து வந்தது? ஆளுக்கு ஆள் கண்காணிப்புக் காலம் மாறுவதால், ஆய்வாளர்கள் 'நூறு நபர்-ஆண்டுகளுக்கு இத்தனை' என்ற வேகத்தைக் கணக்கிட்டு (ஒருவரை ஓராண்டு கண்காணித்தால் ஒரு நபர்-ஆண்டு), அந்த வேகங்களை ஒப்பிட்டுச் சொன்ன எண் அது. இரண்டும் சரியே, ஆனால் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்கக்கூடாது. கட்டுரையின் சுருக்கத்தில் சதவீதக் குறைவு மட்டும் இருந்தால், உள்ளே போய் 'எத்தனை பேரில் எத்தனை பேர்' என்ற அட்டவணையைத் தேடுங்கள். எல்லாக் கட்டுரையையும் படிக்க நேரமில்லாத டயட்டீஷியனுக்கு, இந்த ஒரு பழக்கம் மட்டும் கை வந்தாலே பெரிய விஷயம் என்பேன்.

6.4 என்பதையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு குழுவுக்குச் சுமார் 130 பேர் என்று வைத்து, கையால் 95% நம்பிக்கை இடைவெளி (உண்மை எண் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்ற கணிப்பு) போட்டுப் பாருங்கள். 0.55-ஐ 0.45-ஆல் பெருக்கி 130-ஆல் வகுக்க வேண்டும், 0.393-ஐ 0.607-ஆல் பெருக்கி அதையும் 130-ஆல் வகுக்க வேண்டும். இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 0.061. அதை 1.96-ஆல் பெருக்கினால் 0.12. ஆக வித்தியாசம் 15.7 என்பது 3.7-இலிருந்து 27.7 வரை எங்கேயும் இருக்கலாம். என்என்டி 4-இலிருந்து 27 வரை. பலன் உண்டு என்று நம்ப இடமிருக்கிறது, எவ்வளவு என்பதில்தான் இன்னும் இழுபறி. இதே சென்னை ஆய்வில் மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்த குழுவில் 40.5%, இரண்டையும் சேர்த்துக் கொடுத்த குழுவில் 39.5%. வாழ்க்கைமுறை மாற்றத்தோடு மாத்திரையைச் சேர்த்ததால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. ஆலோசனை அறையில் 'மாத்திரையும் சேர்த்துப் போட்டால் இன்னும் பலன் கூடாதா?' என்று கேட்பவர்களுக்குச் சொல்ல நம் ஊர் எண் இருக்கிறது, அதைப் பயன்படுத்துவோம்.

நல்ல ஆய்வும் எங்கே சறுக்கும் என்று பார்க்க ஸ்பெயினின் பிரெடிமெட் ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். 7,447 பேர். மத்தியதரைக்கடல் உணவோடு ஒரு குழுவுக்கு ஆலிவ் எண்ணெய், இன்னொரு குழுவுக்குப் பருப்புக்கொட்டைகள், மூன்றாவதுக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லும் ஆலோசனை. 2013-இல் முடிவு வந்தது: மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் சேர்ந்த ஆபத்து சுமார் 30% குறைவு. 2018-இல் ஆசிரியர்களே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்று, திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். காரணம், குலுக்கல் முறை (யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்வது) சில இடங்களில் பிசகியிருந்தது. ஒரே வீட்டில் இரண்டாவதாகச் சேர்ந்தவரைக் குலுக்காமல் முதலாமவரின் குழுவிலேயே போட்டிருந்தார்கள். ஓரிடத்தில் ஆளுக்கு ஆள் குலுக்காமல் கிளினிக் கிளினிக்காகப் பிரித்திருந்தார்கள். சந்தேகத்துக்குரிய 1,588 பேரை நீக்கிக் கணக்கிட்டபோதும் முடிவின் திசை மாறவில்லை. ஆனாலும் 'குலுக்கலால் நிரூபணமானது' என்ற உறுதியான மொழியைத் தளர்த்த வேண்டியிருந்தது.

ஒரே வீட்டில் இருவருக்கு இரு வேறு உணவு சொல்ல முடியாது என்பது நமக்குப் புரிகிற நியாயம்தான். அதற்கும் வழி உண்டு. குடும்பத்தையே ஓர் அலகாக வைத்துக் குலுக்கலாம், அல்லது வீட்டுக்கு ஒருவரை மட்டும் சேர்க்கலாம். எதைச் செய்தாலும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும், கணக்கிலும் அதைக் காட்ட வேண்டும். அந்த ஆய்வில் ஆலிவ் எண்ணெய்க் குழுவில் 3.8%, ஒப்பீட்டுக் குழுவில் 4.4% பேருக்கு நிகழ்வு ஏற்பட்டது. 30% என்ற தலைப்புச் செய்திக்குள் இருந்த நேர் வித்தியாசம், பச்சை எண்ணில், நூற்றுக்கு 0.6. ஒப்பீட்டுக் குழுவிலிருந்து பாதியில் விலகியவர்கள் அதிகம் என்பதால் நபர்-ஆண்டுக் கணக்கில் இடைவெளி கூடும். விலகியவர்கள் யார், எந்தக் குழுவில் அதிகம் என்று பார்க்காமல் எந்த ஆய்வையும் மூடி வைக்காதீர்கள்.

குலுக்கல் இல்லாத ஆய்வுகளில் ஏமாறுவது இன்னும் சுலபம். ஒரு ஊரில் ஒரே நாளில் கணக்கெடுத்து, யார் கேழ்வரகு சாப்பிடுகிறார்கள், யாருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று பார்த்தால், கேழ்வரகு சாப்பிடுபவர்களிடம் சர்க்கரை நோய் அதிகமாக இருப்பதாக வரக்கூடும். கேழ்வரகால் நோய் வரவில்லை. நோய் என்று தெரிந்த பிறகு அரிசியை விட்டுக் கேழ்வரகுக்கு மாறியவர்கள் அவர்கள். காரணமும் விளைவும் தலைகீழாகத் தெரிகின்றன. எப்போது மாறினார்கள், நோய் எப்போது தெரிந்தது என்று இரண்டு கேள்விகள் படிவத்தில் இல்லையென்றால், எந்த மென்பொருளாலும் இதைச் சரிசெய்ய முடியாது. எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு. பீட்டா கரோட்டின் நிறைந்த காய்கனி சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கண்காணிப்பு ஆய்வுகள் சொல்லிவந்தன. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் குலுக்கல் முறையில் சோதித்தபோது, தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் அந்தப் புற்றுநோய் 18% அதிகமாக வந்தது. 1994-இல் வந்த முடிவு. காயில் இருப்பதும் மாத்திரையில் இருப்பதும் ஒன்றல்ல. காய் சாப்பிடும் ஆளும் சாப்பிடாத ஆளும் மற்ற விஷயங்களில் ஒன்றல்ல.

இனி நம் துறைக்கே உரிய தலைவலி: அளவெடுப்பது. உயரம், எடை, ரத்தச் சர்க்கரை எல்லாம் கருவியில் வருகின்றன. 'நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?' என்பது மனித நினைவில் வருகிறது. ஆய்வு வீணாகப் போவது பெரும்பாலும் இங்கேதான், டி-டெஸ்ட் போன்ற புள்ளியியல் சோதனையில் அல்ல.

24 மணி நேர நினைவுகூரலை ஐந்து சுற்றாகக் கேட்பது நிலைபெற்ற முறை. முதல் சுற்றில் குறுக்கிடாமல் அவர் சொல்வதை அப்படியே பட்டியலிட வேண்டும். இரண்டாவதில் மறந்தவற்றைத் துருவ வேண்டும்: காபிச் சர்க்கரை, இட்லிப் பொடிக்கு ஊற்றிய நல்லெண்ணெய், பிள்ளை மீதம் வைத்ததைச் சாப்பிட்டது, மாலை டீயோடு கடித்த முறுக்கு. மூன்றாவதில் நேரமும் சந்தர்ப்பமும். நான்காவதில் அளவும் செய்முறையும். ஐந்தாவதில் முழுப் பட்டியலையும் அவருக்கே படித்துக் காட்ட வேண்டும். கேட்கும் விதமும் முக்கியம். 'நொறுக்குத் தீனி ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?' என்றால் 'இல்லைங்க' என்றுதான் பதில் வரும். 'நாலு மணி டீக்கு அப்புறம், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி என்னம்மா எடுத்துக்கிட்டீங்க?' என்றால் முறுக்கு வெளியே வரும்.

நான்காவது சுற்றுக்கு ஒரு பை தயார் செய்துகொள்ளுங்கள். வீடுகளில் புழங்கும் மூன்று அளவு கரண்டி, மூன்று டம்ளர், இரண்டு கிண்ணம். ஒவ்வொன்றிலும் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, அளவுக் குவளையில் கொட்டி, எத்தனை மில்லி என்று அடியில் எழுதி ஒட்டுங்கள். 'ஒரு கரண்டி' என்பது 40 மில்லியாகவும் இருக்கும், 120 மில்லியாகவும் இருக்கும். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வேண்டும். மாதம் ஒருமுறை பாத்திரத்தின் எடையைப் பூஜ்யமாக்கி, அளந்த ஒரு லிட்டர் தண்ணீரை வைத்து ஒரு கிலோ காட்டுகிறதா என்று பாருங்கள். எண்ணெயை யாராலும் நாள்கணக்கில் சரியாகச் சொல்ல முடியாது. மாதக் கணக்கில் கேளுங்கள். நாலு பேர் வீட்டில் மாதம் 5 லிட்டர் என்றால், லிட்டருக்கு 910 கிராம் வீதம் 4,550 கிராம். 30 நாளாலும் 4 பேராலும் வகுத்தால் ஆளுக்கு 38 கிராம். நினைவுகூரலில் 15 கிராம் வந்திருந்தால், எதையோ விட்டிருக்கிறீர்கள். பொரித்துவிட்டுக் கொட்டிய எண்ணெய், விருந்தாளி, வெளியே சாப்பிட்டது ஆகியவற்றுக்குக் கழித்தல் கூட்டல் செய்த பிறகும் இடைவெளி இருந்தால் மறுபடி கேட்க வேண்டும்.

அடுத்த பொறி, பச்சை எடையும் வெந்த எடையும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுக் கலவை அட்டவணை 528 உணவுகளுக்கு மதிப்புத் தருகிறது. அரிசிக்கு அதில் இருப்பது சமைக்காத அரிசியின் மதிப்பு, 100 கிராமுக்குச் சுமார் 350 கிலோகலோரி. நோயாளி சாப்பிட்ட 300 கிராம் சோற்றை அப்படியே அரிசி வரிசையில் தட்டினால் ஆயிரத்துக்கு மேல் கலோரி காட்டும். அந்தச் சோற்றுக்குப் போன அரிசி சுமார் 100 முதல் 120 கிராம்தான். ஒரு வேளைக்கே 600 கிலோகலோரிக்கு மேல் பிழை. குழம்பு வகைக்கும் அப்படியே. 100 கிராம் துவரம்பருப்பு போட்டு ஒரு லிட்டர் சாம்பார் வைத்தால், 150 மில்லி ஊற்றிக்கொண்டவருக்குப் பருப்பு 15 கிராம். துவரம்பருப்பில் நூறுக்குச் சுமார் 22 கிராம் புரதம் என்றால் அவருக்குக் கிடைத்தது 3 கிராம் சொச்சம். 'சாம்பார் ஒரு கிண்ணம், புரதம் 7 கிராம்' என்று ஏதோ ஒரு செயலி காட்டினால் நம்பிவிட வேண்டாம்.

இந்த மாதிரிப் பிழைகள் ஒரே பக்கம் சாய்பவை. நாளுக்கு நாள் உணவு மாறுவதால் வரும் ஏற்ற இறக்கம் வேறு வகை. அதற்கு மருந்து, கூடுதல் நாள்கள், கூடுதல் ஆள்கள். ஒரு பக்கம் சாய்ந்த பிழைக்கு அந்த மருந்து வேலை செய்யாது. நூறு பேரை ஆயிரம் பேராக்கினாலும் தப்பான எண்ணே இன்னும் உறுதியாக வரும். குறைத்துச் சொல்வதும் இந்த வகைதான். இரட்டை ஐசோடோப் நீர் (அடையாளமிட்ட அணுக்கள் கொண்ட நீர்) கொண்டு உடல் செலவழித்த ஆற்றலை அளந்த ஆய்வுகள், மக்கள் தம் உணவைக் குறைத்தே சொல்கிறார்கள், உடல் பருமன் உள்ளவர்கள் இன்னும் குறைத்துச் சொல்கிறார்கள் என்று காட்டியிருக்கின்றன. எளிய சோதனை ஒன்று உண்டு. 70 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் அடிப்படை ஆற்றல் தேவை 1,400 கிலோகலோரி என்று வைத்துக்கொள்வோம். நினைவுகூரலில் 1,100 வந்தால் விகிதம் 0.79. எடை மாறாமல் இருக்கும் ஒருவர் நாள்தோறும் அப்படி வாழ முடியாது. அன்று விரதமா, காய்ச்சலா, எடை இறங்கிக்கொண்டிருக்கிறதா என்று கேளுங்கள். தாளைக் கிழித்துப் போடாதீர்கள். அவரைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு முறை கணக்கிட்டு இரண்டையும் எழுதுங்கள்.

அளவெடுத்தாகிவிட்டது, 'எத்தனை பேருக்குப் போதவில்லை?' என்ற கேள்வி வரும். இங்கே மாணவர் ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப வரும் பிழை, ஆர்டிஏ-வை (பரிந்துரைக்கப்பட்ட தினசரி அளவு) வெட்டுக்கோடாக வைப்பது. ஆர்டிஏ என்பது ஏறக்குறைய எல்லாருக்கும் போதும்படி மேலே தூக்கி வைத்த அளவு. குழுவில் எத்தனை பேருக்குக் குறைவு என்று பார்க்க, சராசரித் தேவையான ஈஏஆர்-ஐத்தான் வைக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் இரண்டையும் தனித்தனியாகத் தந்திருக்கின்றன. புரதத்துக்கு ஆர்டிஏ கிலோவுக்கு 0.83 கிராம், ஈஏஆர் 0.66. 60 கிலோ ஆளுக்கு 50, 40 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு குழுவின் வழக்கமான உட்கொள்ளல் சராசரி 50 கிராம், திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பது) 10 என்றால், ஆர்டிஏ கோட்டில் பாதிப்பேர் குறைபாட்டுக்காரர்கள். ஈஏஆர் கோட்டில் 16% தான். ஒரே குழு, ஒரே தட்டு. ஒரு நாள் நினைவுகூரலை மட்டும் வைத்தால் விரிவு செயற்கையாகக் கூடி இந்த 16 இன்னும் ஏறும். ஆகவே குறைந்தது சிலரிடமாவது அடுத்தடுத்து வராத இரண்டாவது நாள் எடுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளும் கலந்து வரட்டும். மாதவிடாய் உள்ள பெண்களின் இரும்புச்சத்துக்கு இந்த வெட்டுக்கோடு முறையே பொருந்தாது. தேவையின் பரவலே ஒருபக்கம் நீண்டது. அங்கே நிகழ்தகவு முறைதான், அதாவது ஒவ்வோர் உட்கொள்ளல் அளவுக்கும் அது போதாமல் போகும் வாய்ப்பைக் கணக்கிடுவது.

கிளினிக்கில் நம் வேலையை நாமே சோதிக்கும்போது வரும் பொறி வேறு. வெறும் வயிற்றுச் சர்க்கரை உயர்ந்திருந்தவர்களை மட்டும் பொறுக்கி, மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் சராசரி இறங்கியே இருக்கும், நாம் ஒன்றும் சொல்லாவிட்டாலும். உச்சத்தில் பிடித்த எண் அடுத்த முறை தன் இயல்புக்குத் திரும்புவது வழக்கம். தப்பிக்க இரண்டு வழி. ஆரம்பத்திலேயே இரண்டு நாள் அளவெடுத்துச் சராசரியை வைப்பது ஒன்று, ஒப்பீட்டுக் குழு வைப்பது இன்னொன்று. ஒப்பீட்டுக் குழு வைத்த பிறகும் ஒரு தப்பு நடக்கிறது. 'எங்கள் குழுவில் முன்-பின் பி-மதிப்பு 0.03, மற்றதில் 0.08, ஆகவே எங்கள் உணவுத்திட்டம் சிறந்தது' என்று எழுதுகிறார்கள். பி-மதிப்பு என்பது, உண்மையில் வித்தியாசம் இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் தெரியும் வாய்ப்பு; 0.05-க்குக் கீழே இருந்தால் வித்தியாசம் உண்டு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அவர்கள் எழுதுவது முடிவே அல்ல. இரு குழுக்களின் மாற்றத்தையும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டும். ஆரம்ப மதிப்பை உள்ளே வைத்து அன்கோவா (ஆரம்ப வித்தியாசத்தைச் சரிக்கட்டி ஒப்பிடும் கணக்கு) போட்டால் இன்னும் நல்லது.

எத்தனை பேர் வேண்டும்? இரு குழுச் சராசரியை ஒப்பிட, 80% திறனுக்கும் (உண்மையில் வித்தியாசம் இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு) 5% பிழைக்கும் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு), மனக்கணக்குச் சூத்திரம் ஒன்று: 16-ஐத் திட்ட விலக்கத்தின் வர்க்கத்தால் பெருக்கி, கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுக்கவும். ஹெச்பிஏ1சி-இல் (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 0.5 வித்தியாசம், விலக்கம் 1.2 என்றால் 16 × 1.44 ÷ 0.25 = 92. ஒரு குழுவுக்கு. நூற்றுக்கு 20 பேர் விலகுவார்கள் என்றால் 92-ஐ 0.8-ஆல் வகுத்து 115. 'ஒரு குழுவுக்கு 30 பேர் போதும்' என்ற வாய்வழி விதி இங்கே கால்பங்குதான் எட்டும்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. ± போட்டால் திட்ட விலக்கமா திட்டப் பிழையா (சராசரியே எவ்வளவு தள்ளாடலாம் என்பது) என்று எழுதுங்கள். நூறு பேரில் விலக்கம் 20 என்றால் திட்டப் பிழை 2, இரண்டும் சொல்லும் கதை வேறு. வைட்டமின் ஏ போல விலக்கம் சராசரியையே நெருங்கும் சத்துக்கு இடைநிலை அளவைக் கொடுங்கள். புதிய கேள்வித்தாள் சரியா என்று பார்க்கத் தொடர்புக் கெழு (இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று காட்டும் எண்) போதாது. ஒரு முறை எப்போதும் இரட்டிப்பாகக் காட்டினாலும் கெழு 1 வரும். இரு முறைகளின் வித்தியாசத்தை வரைந்து காட்டும் பிளாண்ட்-ஆல்ட்மன் படம் போட்டால்தான் அந்த இரட்டிப்பு கண்ணில் படும். இருபது சத்துகளை வரிசையாகச் சோதித்தால், உண்மையில் எதிலும் வித்தியாசம் இல்லாதபோதும் ஒன்றாவது 0.05-க்குக் கீழே விழும் வாய்ப்பு, சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், 64%. எனவே முதன்மை முடிவு எது என்று முதலிலேயே ஒன்றைத் தேர்ந்து எழுதி வையுங்கள். குலுக்கல் ஆய்வென்றால் நெறிமுறைக் குழு அனுமதியும், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகம்) பதிவும் வேண்டும். 2018 ஏப்ரல் முதல் அங்கே பின்னால் போய்ப் பதிய முடியாது.

தரவுத் தாளில் ஒரு வரிசைக்கு ஒரு வருகை. விடுபட்ட இடத்தைக் காலியாக விடுங்கள். 0 போட்டாலும் 99 போட்டாலும் சராசரிக்குள் புகுந்துவிடும். ஜமோவி, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் இலவசம், இவ்வளவுக்கும் தாராளமாகப் போதும். முழு ஆய்வைத் தொடங்கும் முன் ஐந்து பேரிடம் படிவத்தை ஓட்டிப் பாருங்கள். இரண்டு பேர் தனித்தனியாக அந்த ஐந்து தாள்களையும் கணினியில் ஏற்றி, இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடட்டும். எந்தக் கட்டத்தில் இருவரும் வேறு எண் போட்டிருக்கிறார்களோ, அந்தக் கேள்வியைத் திருத்தி எழுத வேண்டும். அந்த ஐவரைக் கடைசிக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.